பட்டுப்புழுத் தட்டில் நான் ஒளித்தது

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். போகவில்லை. கரையான் மருந்தும் சாக்குத் தூசியும் பழைய பசையும் கலந்த அந்த வாடை விரல் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உனக்குத் தெரிந்த வாடைதான். நம் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பகுதியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, உன் துப்பட்டாவை முகர்ந்து பார்த்து, "பழைய டிரங்குப் பெட்டியத் தொறந்தாப்புல மணக்குது புள்ள" என்பாய். இன்றைக்கு மத்தியானம் அங்கே போய்விட்டு வந்தேன். அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடப் போடாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ படிக்கப் போவதில்லை. தெரியும். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ராஜண்ணா போன் செய்தார். ஆய்வேட்டுப் பகுதி உதவியாளர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை மேசையாகத் தேடுவாரே, அவர்தான். "மேடம், நீவு ஒந்த்சல பர்பேக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போங்க. ஒரு புக்கு கெடச்சிருக்கு. உள்ள உங்க பேரு போட்ட சீட்டு இருக்கு" என்றார். எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

முதலிலிருந்தே சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதி தெரியாது என்றுதான் இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். எனக்குத் தலைப்பு மைசூர் நகரத்துத் தமிழ், அதாவது நானும் என் தெருவும் கன்னடத்தைப் பிசைந்து பேசுகிற தமிழ். உனக்கு ஹனூர் பக்கத்துத் தமிழ், கௌதள்ளியில் உன் வீட்டில் பேசுவது. "உங்க வீட்ல பேசறத எழுத மைசூர் வரைக்கும் எதுக்குடி வந்தே? சும்னே ஊர்லயே உக்காந்து எழுதலாமல்ல?" என்று முதல் நாளே உன்னைச் சீண்டினேன். நீ கோபப்படவில்லை. நூலகத்துப் புத்தகப் பட்டியல் அட்டைகள் இருக்கும் இழுப்பறை ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சொன்னாய்: "என்ற அப்பா இங்க இருக்கறாருங்காட்டி வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் விவரம் சொன்னாய். உனக்கு ஒன்றரை வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால், அவர் இளந்தாரியாக இருந்தபோது, மைசூரிலிருந்து ஒரு ஆய்வு மாணவர் டேப் பெட்டியோடு கௌதள்ளிக்கு வந்து அவரை ஒரு மத்தியானம் முழுக்கப் பேச வைத்துப் பதிந்துகொண்டு போனாராம். "என்ற பேச்சு மைசூருல பெரிய காலேஜுப் புத்தகத்துல இருக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிச் சொல்லிப் பெருமையடிப்பாராமா" என்றாய். வந்த மாணவரின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. எந்த வருஷம் என்பதும் தெரியாது. ஆராய்ச்சி, பட்டம், உதவித்தொகை எல்லாம் உனக்கு அப்புறம். அப்பா எப்படிப் பேசுவார் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நீ படித்து, பரீட்சை எழுதி, இடம் வாங்கி, அந்த நூலகத்துக்குள் வந்தாய். நானெல்லாம் வேலை கிடைக்காத காரணத்தால் ஆராய்ச்சிக்கு வந்தவள்.

நூலகத்தில் நம் கூட்டத்தின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வேடுகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். கடைசி அட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் படிப்பவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். ஒருத்தி பாதி படித்து வைத்துவிட்டுப் போனால் மறுநாள் இன்னொருத்தன் அதை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்துவிடுவான். ஆகவே நாங்கள் எல்லோரும் ஒளித்துவைத்தோம். ஆளுக்கு ஒரு தட்டு. வரலாற்றுப் பிரிவுப் பையன் கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் வைப்பான். எனக்குக் கோடி அறையில் பட்டுப்புழு வளர்ப்புப் புத்தகங்கள் இருக்கும் தட்டு. அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது. உனக்கும் ஒரு தட்டுப் பார்த்துத் தருகிறேன் என்றேன். "ஒளிச்சு வெச்சா அடுத்தவிய எப்பிடிப் படிப்பாங்க?" என்று கேட்டாய். "அடுத்தவங்க படிக்கக் கூடாதுன்னுதாண்டி ஒளிக்கிறதே, பெப்பே!" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாய். மறுநாள் அது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஒன்று. உன் ஹனூர் டிக்கெட்டுகள் அந்தக் கட்டடம் முழுக்கக் கிடந்தன.

இரண்டாம் வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய சமயம். கொள்ளேகால் ஹனூர்ப் பகுதித் தமிழ்ப் பேச்சைப் பற்றிய ஒரு பழைய ஆய்வேடு என் கையில் தற்செயலாகச் சிக்கியது. சிவப்பு அட்டை போட்டு, தட்டச்சில் அடித்த கனத்த ஏடு. பின்னிணைப்பில் முந்நூறு பக்கம், ஊர் ஊராக ஆட்கள் பேசியது பேசியபடியே. என் முதல் இயலுக்கு ஒப்பிட இதைவிட வேறு என்ன வேண்டும்? நெறியாளர் பத்து நாளில் இயலைக் கேட்டிருந்தார். போதாததற்கு, "அந்தப் பொண்ணப் பாரு, ஊர் ஊரா அலையுது. நீ இருந்த எடத்துலயே ஒக்காந்து எழுதறே" என்று உன்னைக் காட்டி என்னைக் குத்தியிருந்தார். அந்தக் கடுப்பு எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன். தாளில் பெயர் எழுதாமல், என் கோரிக்கைச் சீட்டையே அடையாளமாகச் செருகி, ஏட்டைக் கொண்டுபோய்ப் பட்டுப்புழுவுக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் காலை நீ படியேறி ஓடி வந்தாய். நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கியது. "கெடச்சிருச்சு புள்ள! அட்டை கெடச்சிருச்சு! கௌதள்ளின்னே போட்டிருக்குது!" அட்டையில் எண் இருந்தது. தட்டில் ஏடு இல்லை. "நீ அந்தத் தட்டுலதான நேத்து இருந்த? ஹனூர்ப் பேச்சப் பத்தின பொஸ்தகம் ஒண்ணப் பாத்தியா?"

"இல்லையே" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "எவனாச்சும் எடுத்திருப்பான். பத்து நாள்ல வந்துரும், பிடு, கவலப்படாதே" என்று உனக்குத் தைரியம் வேறு சொன்னேன். பத்து நாள் கழித்துத் தட்டில் வைத்துவிட்டு, "ஏய், வந்துருச்சு பாரு" என்று நானே உன்னைக் கூப்பிட்டுக் காட்டுவதாகத் திட்டம். அந்தக் காட்சியை நினைத்து மனசுக்குள் சந்தோஷம்கூடப் பட்டுக்கொண்டேன். நாசமாகப் போனவள் நான்.

பத்து நாளும் நீ இல்லாத நேரமாகப் பார்த்து அங்கே நின்றபடியே குறிப்பு எடுத்தேன். கௌதள்ளிப் பக்கங்களும் வந்தன. பேசியவர் பெயர் அங்கே இல்லை. 'உழவர், வயது இருபத்திரண்டு' என்று மட்டும் இருந்தது. உன் அப்பாவாக இருக்குமோ என்று மனசு கேட்டது. கௌதள்ளியில் உழவருக்கா பஞ்சம் என்று நானே அதன் வாயை அடைத்தேன். அவர் பேச்சிலிருந்து எனக்கு உதாரணத்துக்குத் தேவைப்பட்ட ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். பெயர்ப் பட்டியல் ஏட்டின் கடைசியில் இருந்தது. நான் அதைப் புரட்டவில்லை.

பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் கழித்துப் போனால் கோடி அறையே இல்லை. கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள் என்று அறையைக் காலி செய்து, அங்கிருந்ததையெல்லாம் சாக்கில் கட்டிக் கொல்லைப்பக்கத்துக் கிடங்கில் உத்தரம் முட்ட அடுக்கியிருந்தார்கள். கிடங்கு வாசலில் நின்றேன். ராஜண்ணாவிடம் சொன்னால் ஆள் விட்டுத் தேடித் தருவார். ஆனால் எந்தப் புத்தகம் என்பார். தமிழ் ஆய்வேடு பட்டுப்புழு மூட்டைக்குள் எப்படிப் போனது என்பார். உனக்கு எப்படித் தெரியும் என்பார். பக்கத்திலேயே நீ நின்றிருப்பாய். வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைநாள் வேலை.

நீ எட்டு மாதம் தேடினாய். துறையில் இருந்த படியைக் கரையான் தின்றிருந்தது. எழுதியவர் இறந்துபோயிருந்தார். அவர் வீட்டில் காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். உலகத்தில் அந்த ஒரு படிதான். நீ ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். "அட்டை இருக்குது புள்ள. அட்டை இருந்தாப் பொஸ்தகம் எங்க போயிரும்?" என்பாய். நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன். கேட்டுக்கொள், நானும் ஏணி ஏறி மேல்தட்டெல்லாம் பார்த்தேன். இந்த நடிப்புக்கு என்ன பெயர் வைப்பாய்? நீ வைத்திருக்க மாட்டாய், நான்தான் வைக்க வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை.

உன் நெறியாளர், அதே ஊர்ப் பேச்சுக்கு ஏற்கெனவே ஒரு ஆய்வு இருக்கும்போது அதைப் பார்க்காமல் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கையை விரித்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. அம்மாவுக்கும் முடியாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டினாய். ஹனூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. பஸ் ஏறும்போதுகூட, "அது வந்துச்சுன்னா ஒரு போன் போடு புள்ள, எந்நேரமானாலும் வந்தர்றேன்" என்றுதான் சொன்னாய். தலையாட்டினேன்.

நான் முடித்தேன். பட்டம் வந்தது. போனில் நீ என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாய். ஒரு படி கேட்டாய். "கூடுதல் படி அடிக்கல, அப்புறம் தர்றேன்" என்றேன். நாலைந்து தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாய். எப்படித் தருவேன்? அதில் அடிக்குறிப்பு இருக்கிறதே. திருடின பொருளுக்கு ரசீது மாதிரி, ஏட்டின் பெயரும் பக்க எண்ணும் போட்டு வைத்திருக்கிறேனே. அதைப் போடாவிட்டால் ஆய்வு செல்லாது.

பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்த வீட்டுக்கு வந்தாய். தைமாதம். பை நிறையப் பச்சை நிலக்கடலை. அம்மா போட்ட பிசிபேளேபாத்தைச் சாப்பிட்டுவிட்டு, இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாய். அப்புறம் கேட்டாய்: "உன்ற ஆராய்ச்சிக்கு எதெல்லாம் ஒதவியா இருந்துச்சு புள்ள?"

நான் வரிசையாகச் சொன்னேன். அந்தப் புத்தகம், இந்தப் புத்தகம், அந்தப் பேராசிரியர், இந்த நிகண்டு. ஒரு பத்துப் பெயராவது சொல்லியிருப்பேன். நீ என் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய்.

"செரி புள்ள" என்றாய். கடலையைக் கூடையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, பையை மடித்துக்கொண்டு கிளம்பினாய். இவளுக்கு ஆராய்ச்சி ஞாபகம் விட்டுப்போய்விட்டது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அதற்கப்புறமும் மாதம் ஒரு தடவை போன் செய்வாய். சாப்பிட்டாயா, அம்மா எப்படி, வேலை நிரந்தரம் ஆயிற்றா. இல்லை, இன்னும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்பேன். உன் அம்மா போனதையும் போனில்தான் சொன்னாய். நீ போனதை, அப்பா சாகும்போது அம்மா வயிற்றில் இருந்த உன் தம்பி சொன்னான். ஆறு நாள் காய்ச்சல். அவனும் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான், அவனுடைய பழைய போன் எண்ணும் இப்போது இல்லை. கௌதள்ளி வீடு பூட்டிக் கிடக்கிறது.

இன்றைக்கு நூலகத்துக்குப் போனால் கீழ்க்கூடம் நிறையப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு போட்டித் தேர்வு கைடு, பக்கத்தில் சார்ஜ் ஏறும் போன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் மின்விசிறி, மேசை, சத்தமில்லாத இடம் எல்லோருக்குமா இருக்கிறது? ஆனால் மாடிக்கு ஏறுகிறவர் ஒருவரும் இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் போன வாரம்தான் சொன்னாள்: "மேம், நெட்ல இல்லேன்னா அது இல்லவே இல்ல மேம்." மாடியில் ஆய்வேட்டுப் பகுதியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நல்லதை ஸ்கேன் செய்வார்களாம். அட்டை பிய்ந்தது, பூச்சி அரித்தது எல்லாம் கழிவு. எது நல்லது என்று முடிவு செய்யப் படித்துப் பார்க்கவா போகிறார்கள்? கிடங்குச் சாக்குகளைப் பிரித்தபோது இது வந்திருக்கிறது. ராஜண்ணா மேசையில் வைத்தார். சிவப்பு அட்டை வெளுத்து, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. நடுவில் என் சீட்டு, என் கையெழுத்து.

முதலில் கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் புரட்டினேன். கௌதள்ளி, இருபத்திரண்டு, அதற்கு நேரே உன் அப்பா பெயர். உன் பெயருக்குப் பின்னால் நீ எழுதுகிற அதே பெயர். அப்புறம் அவர் பேசியதைப் படித்தேன். பதினோரு பக்கம். மழை, காட்டுப்பன்றி, ராகி, ஹனூர்ச் சந்தை. உன்னைப் போலவே பேசுகிறார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, "இரு, இதச் சொல்லீர்றேன்" என்று வேறு பக்கம் போகிறார். நீ அப்படித்தானே பேசுவாய்? அது யாரிடமிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாமலே போயிற்று. அழுகை வந்துவிட்டது. ராஜண்ணா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆயித்து பிடி மேடம், போனது போகட்டும், எல்லாருந்தான் ஒளிச்சாங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும் முன் ஒரு சின்ன ஆசை. கேவலமான ஆசைதான். என் ஆய்வேடு எங்கே, கழிவிலா நல்லதிலா என்று பார்த்தேன். தட்டில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று கடைசி அட்டையைத் திறந்தேன். தாளில் ஒரே ஒரு பெயர்.

உன் பெயர். உருண்டை உருண்டையான உன் எழுத்து. பக்கத்தில் தேதி. தைமாதம், நீ நிலக்கடலையோடு வந்தாயே, அதே நாள்.

ஏட்டின் நடுவில் ஒரு ஹனூர் பஸ் டிக்கெட். எந்தப் பக்கம் என்று சொல்லவா வேண்டும்? அடிக்குறிப்பு இருக்கும் பக்கம். காலையில் அங்கே உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, அங்கிருந்து நேராக இங்கே வந்து, என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாய். அதற்கப்புறம் நான்கு வருஷம், மாதம் தவறாமல், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். ஏண்டி? நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? செருப்பால் அடித்திருக்கக் கூடாதா? நான் அன்றைக்கே கிடங்குக்கு ஓடியிருப்பேனே. ஓடியிருப்பேனா? தெரியவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று நீதான் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாய்.

டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சிவப்பு ஏட்டின் தாளில் என் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதினேன். வெளியே கொண்டுபோகக் கூடாது என்றதால் அந்தப் பதினோரு பக்கத்தையும் கையால் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வீடு இல்லை. ஏடு எந்தக் குவியலில் சேரும் என்று ராஜண்ணாவுக்கே தெரியாது.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். என் ஆராய்ச்சிக்கு உதவியாக இருந்தது உன் அப்பா. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். உங்கள் எருதுகளுக்குப் பெயர் உண்டா என்று வந்தவர் கேட்கிறார். ஒன்றின் பெயர் மயிலை என்கிறார் உன் அப்பா. இன்னொன்றுக்கு என்று கேட்டதற்கு, "அது வாங்கி எட்டு நாள்தான் ஆச்சுங்காட்டி இன்னும் பேரு வெக்கலீங்க" என்கிறார். என் அடிக்குறிப்புக்கு மேலே நீ படித்தது அந்த ஒரு வரியைத்தான். உன் வாழ்நாளில் உன் அப்பா பேசி உனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மூலத்தில் அந்த வரி அங்கே முடியவில்லை. அதை அடுத்து, அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒரு சொல் இருக்கிறது. என் உதாரணத்துக்குத் தேவையில்லை என்று நான்தான் அதை வெட்டினேன்.

(சிரிக்கிறார்.)